ஊர் ஏரியைப் பற்றி எழுதுவது எப்படி? செயற்கை நுண்ணறிவை எங்கே சேர்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

ஊர்த் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், உள்ளூர் இதழ் என்று எதற்காவது கட்டுரை எழுத உட்காரும் பலரும் இப்போது முதலில் திறப்பது சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற செயலிகளில் ஒன்றைத்தான். "எங்கள் ஊர் ஏரி பற்றி ஆயிரம் சொல்லில் கட்டுரை எழுது" என்று கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. பத்தி பிரித்து, துணைத்தலைப்பு போட்டு, பார்க்க ஒழுங்காகவும் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் அடித்துவிட்டு வேறு பெயரைப் போட்டால், அதே கட்டுரை அடுத்த ஊர் ஏரிக்கும் அப்படியே பொருந்தும். அதை வாசிக்கும் உங்கள் ஊர்க்காரருக்குத் தெரியாத ஒரு செய்திகூட அதில் இருக்காது.

முதன்முறையாகக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கும், இந்தக் கருவிகளை இப்போதுதான் பழகுகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டாக ஏரியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கோயில், சந்தை, தறி, பழைய பள்ளிக்கூடம் என எதைப் பற்றி எழுதினாலும் வேலையின் வரிசை இதுதான். வரிசையில்தான் எல்லாமே இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, எதை நம்புவது ஆகிய மூன்றையும் நீங்கள் முதலில் செய்துவிட்டால் கருவி நல்ல உதவியாள். அது முந்திக்கொண்டால், அது எழுதியதைத் திருத்துகிற ஆளாக மட்டும் நீங்கள் மிஞ்சுவீர்கள்.

கருவிக்கு என்ன தெரியும்?

பெருமளவு எழுத்தைப் படிக்கவைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எது வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கப்பட்டவை இந்தக் கருவிகள். எதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறதோ அதைப் பற்றி நன்றாகவே சொல்லும். வீராணம் ஏரி முதலாம் பராந்தகன் காலத்தது, வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரால் அமைந்தது என்பதைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடும். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலையும், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பற்றிய கதையையும் சொல்லும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் எத்தனையோ நீர்நிலைகளைப் பற்றி இணையத்தில் ஒரு பத்திகூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஏரியைப் பற்றிக் கேட்கும்போதும் கருவி பெரும்பாலும் "தெரியாது" என்று நின்றுவிடுவதில்லை. பெரிய ஏரிகளைப் பற்றிப் படித்ததைப் பொதுவாக்கி நிரப்பிவிடுகிறது. "சோழர் காலத்தில் வெட்டப்பட்டது", "பறவைகளின் சரணாலயமாக விளங்குகிறது" போன்ற வரிகள் அப்படித்தான் வந்து சேருகின்றன. இணையத்தில் தேடிச் சொல்லும் வசதி இப்போது பல செயலிகளில் இருக்கிறது, அது ஓரளவு உதவும். ஆனால் எழுதப்படாத ஒன்றைத் தேடல் எங்கிருந்து கொண்டுவரும்? அந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரைக்கே வேலை இருக்கிறது.

முதல் படி: ஏரிக்கரைக்குப் போங்கள்

கையில் ஒரு நோட்டுப் புத்தகம், குரலைப் பதிய ஒரு கைப்பேசி இருந்தால் போதும். காலையில் ஒரு முறை கரை முழுக்க நடந்துவிடுங்கள். மதகுகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் ஊரில் என்ன பெயர், எது வேலை செய்கிறது, எது தூர்ந்து கிடக்கிறது, தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக எந்த ஊர் ஏரியிலிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கரையில் இருக்கும் கோயில், கல், மரம், ஆக்கிரமிப்பு, குப்பைமேடு ஒன்றையும் விடவேண்டாம். கல்வெட்டு போல ஏதாவது தென்பட்டால் மாவு, சுண்ணாம்பு எதையும் தேய்க்காமல், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள். சாய்வு வெளிச்சத்தில்தான் எழுத்து தெரியும்.

பிறகு ஆட்களைப் பாருங்கள். குறைந்தது நான்கு பேர் வேண்டும். நிலம் வைத்திருப்பவர் ஒருவர், நிலமில்லாமல் அந்த நிலங்களில் வேலை செய்தவர் ஒருவர், வயதான பெண் ஒருவர், தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பில் இருந்தவர் ஒருவர். கடைசியாகச் சொன்னவரைச் சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள், சில ஊர்களில் நீர்பாய்ச்சி, தெற்கே மடைக்குடும்பன். அவரைத் தேடிப் பிடிப்பது மிக முக்கியம். யார் நிலத்துக்கு முதலில் தண்ணீர், யாருக்குக் கடைசி, பஞ்சத்தில் எப்படி முறை வைத்தார்கள், அவருக்குக் கூலி நெல்லாகவா பணமாகவா என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். நிலம் வைத்திருப்பவர் "எல்லாருக்கும் சமமாத்தான் பாயும்" என்று சொன்ன அதே விஷயத்தை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரர் வேறு மாதிரி சொல்வார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த முரண்பாட்டை எந்தக் கருவியும் உங்களுக்குக் கண்டுபிடித்துத் தராது.

பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். பெயர் போடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். தண்ணீர் முறை, நில ஆக்கிரமிப்பு போன்றவற்றில் பெயர் வெளியே வந்தால் சொன்னவருக்குச் சிக்கல் வரலாம்.

காகித ஆதாரத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். புல எண்ணும் பரப்பும் அதில் இருக்கும். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் ஏரி பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதை இதை வைத்து முடிவுசெய்யுங்கள்.

இரண்டாம் படி: கருவியைத் திறக்காமல் முதல் வரைவு

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது. தகவல் திரட்டியதும் அத்தனையையும் செயலியில் கொட்டி "இதைக் கட்டுரையாக்கு" என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்த ஏரியைப் பற்றி நான் சொல்ல வருவது என்ன? "எங்கள் ஏரி அழகானது" என்பது போதாது. "நடுமதகு தூர்ந்த பிறகுதான் ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின" என்பது சொல்ல வேண்டிய ஒன்று. அதை மறுக்க ஒருவரால் முடியும், நிறுவ உங்களால் முடியும். அந்த வாக்கியத்தைத் தாளின் தலையில் எழுதிவைத்துவிட்டு, நோட்டைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் எழுதுங்கள். ஐந்நூறு சொல் வந்தால் போதும். தடுமாறும் இடத்தில் நிற்காமல் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். மோசமான வரைவாக இருந்தாலும் பரவாயில்லை. எது முதலில், எது பின்னால், எதை விடுவது என்ற தேர்வு அதில் உங்களுடையதாக இருக்கும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், ஒரு முறை கருவியின் வரைவைப் படித்துவிட்டால் உங்கள் மனம் அதன் தடத்திலேயே ஓடும். 2024-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், சிறுகுறுங்கதை எழுதச் சொல்லப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குச் செயற்கை நுண்ணறிவு கொடுத்த யோசனைகள் கிடைத்தன. அவர்கள் கதைகளைத் தனித்தனியாகப் பார்த்த வாசகர்கள் நன்றாக இருப்பதாகவே மதிப்பிட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, அந்தக் கதைகள் ஒன்றுக்கொன்று கூடுதலாக ஒத்துப்போயின. ஒரு மலரில் இருபது பேர் எழுதினால், இருபது கட்டுரையும் ஒரே முகத்தோடு வரும் என்பது இதன் பொருள்.

மூன்றாம் படி: கருவியைக் கேள்வி கேட்க வையுங்கள்

இப்போது திறக்கலாம். கட்டணமில்லாத கணக்கே போதும். உங்கள் வரைவை ஒட்டிவிட்டு முதலில் இப்படிக் கேளுங்கள்:

"இது எங்கள் ஊர் ஏரியைப் பற்றி நான் எழுதிய முதல் வரைவு. இதைத் திருத்தாதே, மாற்றி எழுதாதே. இந்த ஊரைப் பார்த்திராத ஒருவர் வாசித்தால் எங்கெங்கே புரியாமல் நிற்பார் என்று பத்துக் கேள்விகளாகக் கேள்."

'திருத்தாதே' என்பதைக் கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் உதவுகிறேன் என்று முழுக் கட்டுரையையும் புதிதாக எழுதித் தந்துவிடும். பத்துக் கேள்வியில் ஐந்து சப்பென்று இருக்கும். மூன்று, நோட்டில் ஏற்கெனவே இருந்தும் நீங்கள் எழுத மறந்தவையாக இருக்கும். மீதி இரண்டு உங்களை மறுபடி ஏரிக்கரைக்கு அனுப்பும், "நடுமதகு எந்த ஆண்டு தூர்ந்தது, அதை யாரும் ஏன் தூர்வாரவில்லை?" என்பது போல. அந்த இரண்டுக்காகத்தான் இந்தப் படி. விடையைக் கருவியிடமே கேட்காதீர்கள். நீர்க்கட்டியிடம் போய்க் கேளுங்கள்.

அடுத்து எதிர்வாதம் கேட்கலாம்: "நடுமதகு தூர்ந்ததால் ஆழ்துளைக் கிணறு பெருகியது என்கிறேன். வேறு என்னென்ன காரணங்கள் இருந்திருக்கலாம்?" இலவச மின்சாரம், பயிர் மாற்றம், மழை குறைந்த ஆண்டுகள் என்று பட்டியல் தரும். எது உங்கள் ஊருக்குப் பொருந்தும் என்று தரம் பிரிப்பது உங்கள் வேலை. இதில் கருவி உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமாக உதவும். தனியாக யோசிக்கும்போது நாம் விட்டுவிடும் பக்கங்களை எடுத்துக் காட்டும்.

ஒரு எச்சரிக்கை. கருவிகள் கேட்பவரோடு ஒத்துப்போகும் இயல்புடையவை. "இந்த ஏரி பல்லவர் காலத்தது அல்லவா?" என்று கேட்டால் ஆமாம் என்று காரணம் சொல்லக்கூடும். புதிய உரையாடலைத் திறந்து "விஜயநகரக் காலத்தது அல்லவா?" என்று கேட்டால் அதற்கும் காரணம் வரலாம். விடையைக் கேள்விக்குள் வைக்காமல், "இந்த ஏரி எந்தக் காலத்தது என்று சொல்ல என்னென்ன சான்று வேண்டும்?" என்று கேளுங்கள். கல்வெட்டு, தண்ணீர் வெளியேறும் தூம்பின் கல் அமைப்பு, ஊர்ப் பெயர், செப்பேடு என்று தேட வேண்டிய திசை கிடைக்கும். உரையாடல் நீண்டுகொண்டே போனால் அது உங்கள் கருத்தையே திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கும். அப்போது மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

சதுரங்கத்தில் இந்த அனுபவம் முன்பே உண்டு. 1997-இல் டீப் புளூ கணினியிடம் தோற்ற உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவ், அடுத்த ஆண்டே மனிதரும் கணினியும் சேர்ந்து ஆடும் போட்டியை ஸ்பெயினில் ஆடிப்பார்த்தார். 2005-இல் இணையத்தில் நடந்த அப்படியொரு போட்டியில், கணினிகளோடு வந்த கிராண்ட்மாஸ்டர்களைத் தாண்டி வென்றவர்கள் இரண்டு அமெச்சூர் ஆட்டக்காரர்கள். அவர்களிடம் இருந்தவை சாதாரணக் கணினிகள் மூன்று. எந்த நிலையில் எதைக் கணினியிடம் கேட்பது, எப்போது அது சொல்வதை மேலும் துருவுவது என்பதை அவர்கள் நன்றாக அமைத்துக்கொண்டிருந்தார்கள். சதுரங்கக் கணினிகள் அதன் பிறகு எங்கோ போய்விட்டன என்பது உண்மை. ஆனால் உங்கள் ஏரியைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்த கணினி இன்னும் வரவில்லை.

நான்காம் படி: ஒவ்வொரு தகவலையும் உரசிப் பாருங்கள்

அச்செடுத்த பிரதியில் மூன்று நிறப் பேனாவால் கோடு போடுங்கள். நீங்களே கண்ணால் பார்த்தது பச்சை. ஆள் சொன்னதும் ஆவணத்தில் இருப்பதும் நீலம். கருவி சொன்னது சிவப்பு. சிவப்பு ஒவ்வொன்றும் நீலமாக மாறவேண்டும், இல்லையேல் நீங்கவேண்டும். இடைப்பட்ட வழி கிடையாது.

ஆதாரம் எது என்று கருவியையே கேட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஆதாரத்தையும் அதே கணிப்பில் அது உண்டாக்கிவிடக்கூடும். 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மனுவில் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. அவை உண்மையானவையா என்று அதனிடமே கேட்டபோது ஆமாம் என்றிருந்தது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. ஆகவே புத்தகப் பெயர் சொன்னால் அந்தப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், பழைய மாவட்ட கெசட்டியர்கள் பலவும் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. இலக்கிய மேற்கோளுக்கு, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிவைக்க 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இருக்கின்றன. சென்னைக்கு வர முடிந்தவர்கள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகலாம்.

தமிழில் அடிக்கடி தவறும் இடங்கள் சில.

திருக்குறள் மேற்கோள். குறள் போலவே ஒலிக்கும் இரண்டு வரியைத் தானே கட்டித் தந்து எண்ணும் போட்டுவிடும். சுலபமான முதல் சோதனை ஒன்று உண்டு: அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால் எண்ணிலிருந்தே அதிகாரம் தெரிந்துவிடும். 786-ஆம் குறள் என்றால் 79-ஆவது அதிகாரம், நட்பு. நீர் பற்றிய குறள் என்று சொல்லி 786 என்று எண் கொடுத்தால் அங்கேயே பிடித்துவிடலாம். அதன்பின் மூலத்தைப் பாருங்கள்.

காலம். 'சோழர் காலம்' என்பது கருவி எந்த ஏரிக்கும் போடும் முத்திரை. தொண்டை மண்டலத்தில் பல்லவர் வெட்டிய ஏரிகள் இருக்கின்றன; மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் அப்படிப்பட்டது. விஜயநகர, நாயக்கர் காலத்து ஏரிகள் உண்டு, ஜமீன் காலத்துக் குளங்களும் உண்டு. கல்வெட்டோ செப்பேடோ இல்லாவிட்டால் "எப்போது வெட்டியது என்று தெரியவில்லை, ஊரார் இப்படிச் சொல்கிறார்கள்" என்று எழுதுவது மரியாதையான வழி.

அமைப்புகளின் பெயர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் வருகிறது என்பது உண்மை. அதை வைத்து உங்கள் ஊரிலும் ஏரி வாரியம் இருந்தது என்று எழுதிவிடும். அதேபோல ஊரார் கூடி ஏரியைப் பராமரித்த பழைய குடிமராமத்தையும், அதே பெயரில் அரசு 2017-இல் தொடங்கிய திட்டத்தையும் ஒன்றாகக் குழப்பும்.

வட்டாரப் பெயர்கள். வடக்கே ஏரி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய், நெல்லையில் குளம். தாங்கல், ஏந்தல், ஊருணி ஒவ்வொன்றும் வேறு. கருவி எல்லாவற்றையும் 'நீர்த்தேக்கம்' என்று சமப்படுத்தப் பார்க்கும். உங்கள் ஊர்ச் சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள்.

குரல் பதிவை எழுத்தாக்குவதில் கருவி நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும், அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் எழுத்தாக்கியதை, பதிவை மறுபடி ஓடவிட்டுக் கேட்டபடியே சரிபாருங்கள். ல, ள, ழ மாறும். தெருப் பெயர், குலதெய்வப் பெயர் கெடும். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் ஏரி நிரம்பி வழிவதை "கோடி போவுது" என்பார்கள். அதை மொழிபெயர்க்கவோ சுருக்கவோ சொன்னால் பணக் கணக்காக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. சுருக்கம் கேட்காமல், சொன்னது சொன்னபடி எழுத்தாக்க மட்டும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: நடையை உங்கள் கையில் வைத்திருங்கள்

இரண்டாம் வரைவையும் நீங்களே எழுதுங்கள். எழுதி முடித்தபின், பிழை பார்க்க மட்டும் கருவியிடம் கொடுங்கள். "சொற்களை மாற்றாதே. எழுத்துப் பிழையும் ஒற்றுப் பிழையும் மட்டும் பட்டியலாகச் சொல். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்" என்று கேளுங்கள். பட்டியலாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: நேரடியாகத் திருத்தித் தரச் சொன்னால் எதை மாற்றியது என்று தெரியாமலே பாதி வாக்கியம் மாறியிருக்கும்.

ஒற்று விஷயத்தில் அது சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். "வேலை கொடுத்தான்" என்றால் பணி கொடுத்தான். "வேலைக் கொடுத்தான்" என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான். நீங்கள் சொல்ல வந்தது எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கருவியின் தமிழுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. "முக்கியப் பங்கு வகிக்கிறது", "என்பது குறிப்பிடத்தக்கது", "வெறும் இது மட்டுமல்ல, அதுவும்", பத்திக்குப் பத்தி "மேலும்", எங்கும் "செய்யப்பட்டது", "உருவாக்கப்பட்டது" என்ற செயப்பாட்டு வினை, எதைச் சொன்னாலும் மூன்று மூன்றாக அடுக்குவது, கடைசியில் ஒரு அறிவுரை. எடுத்துக்காட்டாக இப்படி வரும்:

"எங்கள் ஊரின் வாழ்வாதாரமாகத் திகழும் இந்த ஏரி, பல நூற்றாண்டுகளாக விவசாயிகளின் வாழ்வில் ஒரு முக்கியப் பங்கை வகித்து வருகிறது. இது வெறும் நீர்நிலை மட்டுமல்ல, நமது பண்பாட்டின் அடையாளமாகவும் விளங்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது."

நோட்டைப் பார்த்து எழுதினால் அதே இடத்தில் இப்படி வரலாம்:

"ஏரிக்கு மூன்று மதகு. மேட்டு மதகைத் திறந்தால் மேலத்தெருக்காரர் நிலங்கள் பாயும், பள்ள மதகைத் திறந்தால் காலனி நிலங்கள். நடுமதகு தூர்ந்து பல வருடமாகிறது. அதை நம்பியிருந்தவர்கள் ஒவ்வொருவராக போர் போட்டுவிட்டார்கள். போட முடியாதவர்கள் நிலத்தைத் தரிசாக விட்டிருக்கிறார்கள்."

இரண்டாவதில் ஒரு அலங்காரச் சொல்கூட இல்லை. ஆனால் யாருக்குத் தண்ணீர், யாருக்கு இல்லை என்பது சில வரியில் தெரிந்துவிடுகிறது. எந்தக் கட்டளை கொடுத்தாலும் கருவியால் இதை எழுதியிருக்க முடியாது, ஏனென்றால் நடுமதகு தூர்ந்த செய்தி அதனிடம் இல்லை. நடை நன்றாக அமைவதற்குப் பாதிக் காரணம் கையில் சரக்கு இருப்பதுதான்.

ஆட்கள் பேசியதை மேற்கோளாகப் போடும்போது இன்னும் கவனம் வேண்டும். "கோடி போச்சுன்னா ஊரே அங்கதான் நிக்கும். கெடா வெட்டிப் பூசை போட்டுட்டுதான் மறுவேலை" என்று ஒருவர் சொல்லியிருப்பார். மெருகேற்றச் சொன்னால், "ஏரி நிரம்பி உபரிநீர் வெளியேறும் வேளையில் பொதுமக்கள் திரளாகக் கூடி வழிபாடு நடத்துவது வழக்கம்" என்று ஆகிவிடும். கிடா போய்விட்டது. எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு நின்ற ஊர் போய்விட்டது. சொன்ன மனிதரும் போய்விட்டார். மேற்கோளுக்குள் கருவியை விடவே கூடாது.

மலரில் சேர்க்க ஏரியைப் பற்றி ஒரு வெண்பாவும் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கருவி உடனே நான்கு அடி எழுதி 'நேரிசை வெண்பா' என்று தலைப்பும் போட்டுவிடும். எழுத்துகளை ஒவ்வொன்றாக அன்றித் துண்டு துண்டாகவே அது கையாள்வதால் அசை பிரிப்பதில் அடிக்கடி தடுமாறும். நீங்களே அலகிட்டுப் பாருங்கள்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர், ஈற்றடிக்கு மூன்று சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்று. "அகர முதல" என்பதில் இரண்டுமே புளிமா, மாச்சீரை அடுத்து நிரை வருகிறது, தளை சரி. இந்த அளவு தெரிந்தால் பிழையைப் பிடித்துவிடலாம். பிடித்தபின் திருத்தச் சொன்னால் ஒரு தளையைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுக்கும். யாப்பு தெரிந்த தமிழாசிரியர் ஒருவரை நாடுவது நேர்வழி.

அனுப்புவதற்கு முன்

செயலியில் எதை ஏற்றுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். பட்டா நகல், ஆதார் எண், தொலைபேசி எண், பெயர் வெளியே வேண்டாம் என்று சொன்னவரின் குரல் பதிவு இவற்றை ஏற்றவேண்டாம். வரைவை ஒட்டும்போது ஆட்பெயர்களுக்குப் பதில் 'பெரியவர் ஒருவர்', 'இன்னொருவர்' என்று போட்டுக்கொண்டு, திரும்ப எடுத்தபின் மாற்றிக்கொள்ளலாம்.

ஏரியின் படம் வேண்டுமானால் கைப்பேசியில் எடுத்ததைப் போடுங்கள். கருவி வரைந்து தரும் படத்தில் இல்லாத படித்துறையும் இல்லாத கோபுரமும் இருக்கும். பத்து வருடம் கழித்து மலரைப் புரட்டுகிறவர் அதை உண்மை என்று நம்பிவிடுவார். விளக்கப்படமாகப் போட்டே ஆகவேண்டும் என்றால், கணினி வரைந்தது என்று படத்தின் கீழேயே எழுதுங்கள். கட்டுரையிலும் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி இருந்தால் நல்லது: "குரல் பதிவை எழுத்தாக்கவும் பிழை பார்க்கவும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்பட்டது" என்றால் போதும்.

பிறகு வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். மூச்சு திணறும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத வரி இருந்தால் அடித்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கடைசியாக, நீங்கள் பேசிய நான்கு பேரிடமும் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். கண் பார்வை குறைந்தவர்கள் இருப்பார்கள், தாளைக் கொடுத்துவிட்டு வராமல் உட்கார்ந்து படியுங்கள். மதகின் பெயர், யாருடைய தாத்தா, எந்த வருடத்து வெள்ளம் என்று எப்படியும் இரண்டு மூன்று திருத்தம் வரும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால், இருவர் சொல்வதையும் அருகருகே வைத்துவிடுங்கள். திருத்தி முடித்ததும், எந்த மாதம், எந்த ஆண்டு திரட்டிய தகவல் என்று கட்டுரையின் அடியில் குறியுங்கள். அடுத்த மழைக்குள் நடுமதகை யாராவது சரிசெய்துவிடலாம். அதன்பின் வாசிக்கிறவருக்கு அந்தத் தேதி தேவைப்படும்.